அதே ஆள்தானா?

மேடம்,

போன வாரம் செல்வியின் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். ஆமாம், உங்கள் செல்விதான். ஆரணி கடைத்தெருவில், ஒரு ஜரிகைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் வைத்திருக்கிறாள். கொஞ்ச நாளாக எனக்குப் பஸ் போர்டு தெரியவில்லை. பேப்பரில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. செல்வி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச்சுவரில் தொங்கிய அட்டைக்கு விளக்கைப் போட்டாள். கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள். "ட, ய, ப, ர, ம, வ" என்று கடகடவென்று சொல்லிவிட்டேன்.

"அடேயப்பா! இந்த வயசுல கடைசி வரி படிக்கிறீங்களே சார்" என்றாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம். அப்புறம் அட்டையை நன்றாக உற்றுப் பார்த்தேன். கடைசி வரி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கோடு போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அந்த ஆறு எழுத்தும் எனக்கு எப்படித் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே அச்சு அட்டை பல வாரம் என் மேஜைமேல் கிடந்ததே. நாம் முதன்முதலாகச் சண்டை போட்டது அதற்காகத்தானே?

நான் அப்போது பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் கண்காணிப்பாளர். வெளியிலிருந்து ஒரு பேராசிரியருக்கு ஆராய்ச்சிப் பணம் வந்தால், அது அவர் கைக்குப் போகாது, எங்கள் பிரிவுக்கு வரும். கருவிக்கு என்று வந்ததைப் பயணத்துக்குத் தொட முடியாது. எதை வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டுக் கொட்டேஷன் வைக்க வேண்டும். வருஷக் கடைசியில், பணம் எதற்கு வந்ததோ அதற்கே செலவானது என்று சான்று எழுதித் தில்லிக்கு அனுப்ப வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று பேராசிரியர்கள் எங்களைப் பற்றி வராந்தாவில் பேசிக்கொள்வது எங்கள் காதிலும் விழும். நான் கண்டுகொள்வதில்லை. தணிக்கைக்காரர் வந்து உட்கார்ந்தால் பதில் சொல்கிறவன் நான், வராந்தாவில் நிற்கிறவர் இல்லை.

அப்படி இருந்த என் அறைக்குள் ஒரு நாள் நீங்கள் புயல் மாதிரி வந்தீர்கள். கக்கத்தில் சுருட்டிய அட்டை, கையில் ஒரு பில். பில்லா அது? ஊதுபத்திப் பாக்கெட்டைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கடைக்காரர் பென்சிலால் எழுதிக் கொடுத்தது.

"இது செல்லாதுங்க மேடம்" என்றேன்.

"ஏன் செல்லாது? அட்டை செல்லுது இல்ல? படிச்சுப் பாருங்க, எல்லா எழுத்தும் இருக்குது" என்று என் மேஜைமேலேயே அதை விரித்தீர்கள். இரண்டு ஓரத்துக்கும் என் பேப்பர்வெயிட்டையும் கோந்து பாட்டிலையும் தூக்கி வைத்தீர்கள். "சும்மா பேஜார் பண்ணாதீங்க சூப்ரண்ட். ஜல்தியா கையெழுத்துப் போடுங்க, எனக்கு ஆரணி பஸ் புடிக்கணும்."

ஆரணி என்ற பெயர் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பேச்சும் நம்ம ஊர்ப் பக்கத்துப் பேச்சாக இருந்தது. விசாரித்தால், நீங்கள் தேசூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சமணக் குடும்பம். நானோ ஆரணி நெசவாளி மகன். அதற்காகப் பில்லை விட்டுவிட முடியுமா? முடியாது. முறையான ரசீது வரும்வரை அட்டை என் மேஜையிலேயே கிடக்கட்டும் என்றேன். நீங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து அறை டைப்பிஸ்டுகள் எழுந்து வந்தார்கள். கடைசியில் கடைக்காரரிடமிருந்து ரசீது வந்து சேர்ந்தபோது எனக்கு அந்த அட்டை மனப்பாடம் ஆகியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராமலிருக்க நான் படித்தது அதைத்தான்.

உங்கள் ஆராய்ச்சி என்னவென்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பட்டுத்தறியில் உட்கார்கிறவர்களுக்கு ஏன் சீக்கிரமே கண் மங்குகிறது, தறிக்கு மேலே நல்ல விளக்கு ஒன்று மாட்டினால் பார்வை தேறுமா என்பது. ஒருமுறை பரிசோதிப்பது, விளக்கை மாட்டுவது, ஒரு வருஷம் கழித்து அதே ஆட்களை மறுபடி பரிசோதிப்பது. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! என் அப்பா ஐம்பது வயதுக்குள் அறுந்த இழை தெரியாமல் தறியை விட்டு இறங்கியவர். அதை உங்களிடம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கோப்பு வந்தால் அன்றே பார்த்து அனுப்பினேன். அதற்காக நீங்கள் என்னைப் பாராட்டியதும் இல்லை. "இன்னிக்கு என்ன சூப்ரண்ட், உடம்பு சரியில்லையா? குத்தம் ஒண்ணும் கண்டுபுடிக்கலையே" என்று கேட்டீர்கள்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுத்தவன் நான். குழு இரண்டு நிபந்தனை போட்டது. ஒன்று, பரிசோதனைத் தாளில் பெயர் இருக்கக் கூடாது. யாருக்குப் பார்வை மட்டு என்று வெளியே தெரிந்தால், பட்டு முதலாளி அந்த ஆளுக்கு நுணுக்கமான வேலை கொடுக்க மாட்டார், பிழைப்பு கெடும். நியாயமான பேச்சு. இரண்டு, முதல் தடவை பரிசோதித்தவர்கள் இரண்டாம் தடவை பரிசோதிக்கக் கூடாது, மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதுவும் நியாயம்தான்.

"பேரை எடுத்துட்டா அப்பால ஆளை எப்படிங்க கண்டுபுடிக்கிறது?" என்று வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"நம்பர் குடுங்க மேடம். நம்பர் பேசாது, பொய்யும் சொல்லாது."

"உங்களுக்கு உலகமே நம்பருதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனீர்கள். ஆனால் குழு சொன்னதை அப்படியே செய்தீர்கள். ஆளுக்கு ஒரு பழுப்பு அட்டை, அதில் ஒரு நம்பர். தொலைத்துவிடப் போகிறார்கள் என்று, மூலையில் துளை போட்டு நூல் கட்டிக் கொடுக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

செல்வி அப்போதுதான் சேர்ந்தாள். பெரணமல்லூர்ப் பெண். பட்டப்படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்தவள். கள ஆய்வாளர் என்று தொகுப்பூதியத்தில் எடுத்தீர்கள். திட்டம் இருக்கும்வரைதான் அவள் வேலை. நியமன உத்தரவில் அந்த வரியை நான்தான் தட்டச்சு செய்யச் சொன்னேன். அவள் தெருத்தெருவாக அலைந்து, தறிக்கு ஒருவர் என்று ஆளெடுத்து, கையெழுத்து வாங்கி, முதல் சுற்றைத் தானே பரிசோதித்து முடித்தாள். விளக்குகள் மாட்டினீர்கள். அடுத்த வருஷம் இரண்டாம் சுற்றுக்கு, குழு சொன்னபடியே, வேலூரிலிருந்து வேறு இரண்டு பேர் வந்து ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டுப் பரிசோதித்தார்கள். செல்வி அந்த நேரம் வீடுவீடாக விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்துப் பக்கம் அவள் போகக் கூடாது.

முடிவு வந்தது பாருங்கள், என்ன கொண்டாட்டம்! பார்வை தேறியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, முதல் சுற்றில் நடுவரியில் நின்றவர்களெல்லாம் கடைசி வரிக்கு இறங்கிவிட்டார்கள். பணம் கொடுத்த தில்லிக்காரர்கள் திட்டத்தை இன்னும் நாலு நெசவு ஊர்களுக்கு விரிக்கலாம் என்று எழுதினார்கள். பல்கலைக்கழகத்தில் கண்நலத்துக்கென்று ஒரு மையம், அதற்கு நீங்கள் இயக்குநர் என்று துணைவேந்தரே வாயால் சொன்னார். செல்விக்கு அடுத்த ஐந்து வருஷத்துக்கு வேலை நிச்சயம். அவள் அம்மா உங்களுக்கு அதிரசம் செய்து அனுப்பினாள். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

விரிவாக்கத்துக்கு முன்னால் ஒரு சடங்கு பாக்கி. திட்டப் பணத்தில் வாங்கிய பொருளெல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று எங்கள் பிரிவு நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். விளக்கை எண்ணத்தான் நான் ஆரணிக்கு வந்தேன். "கடுகு போன இடத்தைத் தேடிகினு வர்றாரு பாரு எங்க சூப்ரண்டு" என்று செல்வியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே நீங்களும் கூட வந்தீர்கள்.

முதல் வீடு கஸ்தூரியம்மாள் வீடு. அவர் கணவர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே நம் விளக்கு ஜம்மென்று எரிந்தது. நான் பதிவேட்டில் டிக் அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, தறிக்காலில் நம் பழுப்பு அட்டை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் மஞ்சள், குங்குமம் வைத்த அடையாளம். ஆயுத பூஜைக்குத் தறியில் இருக்கிற எல்லாவற்றுக்கும் வைப்பதுபோல் அதற்கும் வைத்திருக்கிறார்கள்.

"ஏம்மா, அட்டை இங்க ஏன் தொங்குது?" என்று கேட்டேன்.

"தறி அட்டை வேற எங்கங்க தொங்கும்?" என்றார் கஸ்தூரியம்மாள்.

செல்வி குறுக்கிட்டாள். "இது உங்க வூட்டுக்காரரு அட்டைங்க. அவருக்குத்தான் குடுத்தேன்."

"அவருக்கு எதுக்கும்மா அட்டை? தறிக்குன்னுதானே குடுத்த? மொத தபா அவரு வந்தாரு. ரெண்டாவது தபா தீபாவளி ஆர்டரு, தறிய வுட்டு எறங்க ஏது நேரம்? பெரிய பொண்ணு கையில அட்டையக் குடுத்து அனுப்பினேன்."

நீங்கள் அப்போதும் சிரித்த முகமாகத்தான் இருந்தீர்கள், மேடம். "பொண்ணையா அனுப்பினீங்க?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

"ஆமாங்க. அவளுக்குக் கண்ணு ஊசி மாதிரி. நீங்க இவ்ளோ நல்ல வெளக்கு மாட்டிக் குடுத்திருக்கீங்க, கண்ணு தெரியாத ஆளை அனுப்பி உங்க பேரைக் கெடுப்பமா?"

தறியிலிருந்தவர் இழை ஓட்டும் நாடாவை நிறுத்தாமலே தலையைத் தூக்கினார். "நல்ல பேரு வந்துச்சுங்களா மேடம்?"

"வந்துச்சுங்க" என்றீர்கள்.

அடுத்த வீட்டில் முகாமுக்கு மருமகள் போயிருந்தாள். அதற்கடுத்த வீட்டில் பத்தாவது படிக்கிற பையன். எல்லா வீட்டிலும் அட்டை தறியில்தான் தொங்கியது. எல்லோரும் நல்ல கண்ணாகப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கள்ளம் இல்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் பிறந்த தெருவில் எல்லாமே தறிக்கு ஒரு ஆள்தான். கோயில் கூட்டமா, தறிக்கு ஒரு ஆள். சங்கத்துக் கூட்டமா, தறிக்கு ஒரு ஆள். எந்த ஆள் என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் அரைக்கால் சட்டையோடு நான் போய்ச் சங்கத்தில் உட்கார்ந்து வருவேன், எங்கள் தறி வந்ததாகக் கணக்கு. அந்த ஊரில் வளர்ந்த எனக்கே, தாளில் பெயரை எடுத்தால் இது நடக்கும் என்று தோன்றவில்லை. தேசூர்க்காரரான உங்களுக்கு எப்படித் தோன்றும்?

சாயங்காலம் என் தங்கை வீட்டில் வந்து உட்கார்ந்தோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது சமணர்களான உங்கள் வீட்டு வழக்கம் என்று தங்கைக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவள் அவசர அவசரமாகச் சமைத்து இலை போட்டாள். நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"மேடம், பேப்பருல ஒரு குத்தமும் இல்ல. குழு சொன்னதை வரி வரியா செஞ்சிருக்கீங்க. கையெழுத்து இருக்குது, நம்பர் இருக்குது. எந்த ஆடிட்டு வந்தாலும் நான் பதில் சொல்றேன்."

மனசாரத்தான் சொன்னேன். அதிரசப் பொட்டலம் கண்ணில் நின்றது. நீங்கள் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

"சூப்ரண்ட், இத்தனை வருஷமா நீங்க எங்கிட்ட என்ன கேட்டுகினு இருக்கீங்க? பில்லுல இருக்கற சாமான் ஸ்டாக்குல இருக்குதான்னுதானே? என் பில்லுல ஆளு இருக்குதுங்க. ஸ்டாக்குல இல்ல."

என் தொழிலை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

சுவரோரமாக நின்ற செல்வி வெடித்துவிட்டாள். "எழுதிடுவீங்க மேடம், நீங்க எழுதிடுவீங்க. உங்களுக்கு வேலை இருக்குது, பென்ஷன் இருக்குது. சாருக்கும் இருக்குது. எனக்கு இன்னா இருக்குது? அந்த ஜனங்க யாராச்சும் வந்து கேட்டாங்களா? வெளக்கு எரியுதுன்னு சந்தோஷமாத்தானே இருக்கறாங்க?"

"நாலு ஊருக்கு வெளக்கு மாட்டுவாங்க செல்வி" என்றீர்கள். "கண்ணு தேறிடும்னு நம்பி, கண்ணாடி போட வேண்டியவங்க எல்லாம் வெளக்குக்கு அடியில ஒக்காந்துகினு இருப்பாங்க. அப்பால வந்து கேப்பாங்க. நீ இருக்க மாட்ட, நான் இருக்க மாட்டேன். அவங்களுக்கு யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியாது."

"அப்ப நான் நடுத்தெருவுல நிக்கணுமா?"

செல்வி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தங்கை தண்ணீர்ச் சொம்போடு வந்து கூப்பிட்டபோது வெளியே விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள். "இருட்டிப்போச்சும்மா. பரவாயில்ல, காலையில பாத்துக்கலாம்" என்று எழுந்து கையை மட்டும் கழுவினீர்கள். அன்று நீங்கள் பட்டினியாகப் பஸ் ஏறியது இன்னும் என் தங்கைக்கு ஆறவில்லை.

மறுநாளே கடிதம் என் மேஜைக்கு வந்தது. உங்கள் கடிதங்களிலேயே அதுதான் ஒழுங்காக இருந்தது. எண், பொருள், பார்வை எல்லாம் போட்டு, இணைப்புகளைக் குறித்து, நான் ஒரு குறை சொல்ல முடியாதபடி. இரண்டாம் சுற்றில் வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் சுற்றில் வந்தவர்கள் அல்லர், ஆகவே இந்த முடிவை ஏற்க வேண்டாம் என்று பச்சையாக எழுதியிருந்தீர்கள். பதிவாளர் உங்களைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கோப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

"எதுக்கும்மா இவ்ளோ அப்பட்டமா? 'நடைமுறையில் சில குறைபாடுகள்'னு போட்டுட்டுப் போங்களேன்" என்றார் பதிவாளர்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா சார்?"

"மையம் போயிடும்."

"போவட்டும் சார்."

கோப்பு மேலே போவதற்கு எங்கள் பிரிவின் குறிப்பு வேண்டும். நான் எழுதினேன். பேராசிரியர்மேல் தவறில்லை, பெயரை நீக்கியதும் சரி, பரிசோதிப்பவரை மாற்றியதும் சரி, இரண்டும் சேர்ந்தபோது, வந்தவர் யார் என்று பார்க்க ஒருவரும் இல்லாமல் போனார் என்று எழுதினேன். எஞ்சிய மாதங்களில் பழைய ஆட்களையே தேடிப் பிடித்து மறுபடி பரிசோதிக்க அனுமதி கேட்கலாம் என்றும் சேர்த்தேன். நீங்கள் கேட்டு நான் எழுதியதில்லை அது. படித்துவிட்டு, "பரவாயில்லையே சூப்ரண்ட், உங்களுக்குத் தமிழ் வருது" என்றீர்கள்.

தில்லிக்காரர்கள் மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள். மறுபரிசோதனைக்கு அனுமதி உண்டு, விரிவாக்கம் இல்லை, மார்ச்சோடு கணக்கை முடித்து அனுப்பவும். பிழைக்கத் தெரியாதவர் என்று உங்களைப் பற்றி வராந்தாவில் பேச்சு. மையம் வேறொருவர் பெயரில் வேறொரு விஷயத்துக்கு வந்தது.

மறுபரிசோதனைக்குச் செல்வி வந்தாள். வேலை நாள் மிச்சம் இருந்ததால் வந்தாள், உங்கள்மேல் பிரியத்தால் இல்லை. இந்தத் தடவை யாரையும் மண்டபத்துக்குக் கூப்பிடவில்லை. வீட்டுக்கே போனோம். நீங்கள் எனக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்தீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் வேலூர்க்காரர்கள் பரிசோதிக்கும் முன், முதல் சுற்றில் வந்தவர் இவர்தானா என்று செல்வி முகம் பார்த்துச் சொல்வாள், நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். கஸ்தூரியம்மாளுக்கு மகா வருத்தம். "எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுங்களே, உங்களுக்குக் கெட்ட பேரு வருமே" என்று கையைப் பிசைந்தார்.

"வரட்டும்மா. அவரோட கண்ணுதான் எனக்கு வேணும்" என்றீர்கள் நீங்கள். எத்தனையோ கூட்டங்களில் நெறிமுறை பற்றி எத்தனையோ பெரியவர்கள் பேசியதை நான் குறிப்பெடுத்திருக்கிறேன். இப்படி ஒரு வாக்கியம் அதில் இல்லை.

விளக்கால் பார்வை தேறியதாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் கடைசி முடிவு. நாற்பது தாண்டியவர்களில் பலருக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி போதும் என்று ஒரு பத்தி. அறிக்கையை நான்தான் தபாலில் சேர்த்தேன். "ஒண்ணும் மாறலைன்னு எழுதறதுக்கு எவ்ளோ அலைச்சல் பாருங்க" என்று சிரித்தீர்கள். சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் முடிந்தது. செல்வி உங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே போனாள். நீங்கள் அவளை விட்டுவிடவில்லை. வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வைப் பரிசோதனைப் பயிற்சிக்கு இடம் பேசி அவளுக்கு எழுதினீர்கள். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது தடவை பெரணமல்லூருக்கே போய் அவள் வீட்டு வாசலில் நின்றீர்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் செல்வி இன்றும் சொல்வதில்லை. "திட்டினேன் சார். நல்லா திட்டினேன். கேட்டுகினு இருந்தாங்க. அப்பால சேந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

ஒரு சேதி உங்களிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். நெறிமுறைக் குழுவுக்கு வரும் விண்ணப்பத்தோடு ஒரு கேள்வித்தாள் இணைப்போமே, நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் அதில் ஒரு வரி சேர்க்கக் குறிப்பு எழுதினேன். 'மறுபடி பரிசோதிக்கும்போது வந்திருப்பவர் அதே ஆள்தானா என்பதை, அவர் பெயர் வெளியே தெரியாமல், எப்படி உறுதி செய்வீர்கள்?' குழு ஒப்புக்கொண்டது. போன வருஷம் பென்ஷன் விஷயமாகப் போனபோது ஓர் இளைஞர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, "எவன்யா இந்தக் கேள்வியைக் கண்டுபுடிச்சான், பேஜாரா இருக்குது" என்று அலுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! அன்று சாயங்காலமே உங்களுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஏதோ வேலையில் தள்ளிப்போட்டேன். அடுத்த மாதம் உங்கள் தம்பி போன் செய்தார், நீங்கள் இல்லை என்று.

உங்கள் கிராமத்துக்கு நானும் செல்வியும் ஒரே பஸ்ஸில் போனோம். உங்கள் முகத்தைப் பார்த்ததும்தான் அவள் அழுதாள். எனக்கு உங்களோடு சண்டை போட்டுத்தான் பழக்கம், அழுது பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

சரி, கடைக்கு வருகிறேன். செல்வி கண்ணாடி வேண்டியதில்லை என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டாள். எழுந்து வந்திருக்கலாம். எழுபதை நெருங்குகிறவனுக்குக் கடைசி வரி தெரிகிறது என்றால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரியலாம். ஊசிக் கண்ணுக்காரப் பெண்ணை அனுப்பிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்த கஸ்தூரியம்மாளின் நினைவு வந்தது. நானும் அதைத்தானே செய்தேன்? இன்றைய கண்ணை வீட்டில் விட்டுவிட்டு, அன்று என் மேஜையில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளனின் கண்ணை அனுப்பியிருந்தேன்.

"செல்வி, எழுதாதம்மா. நான் படிக்கல. மனப்பாடமா ஒப்பிச்சேன். வேற அட்டை போடு" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். பேனாவால் அதுவரை எதையும் எழுதியிருக்கவில்லை.

"தெரியும் சார். கண்ணைச் சுருக்காம இந்த வயசுல யாரும் கடைசி வரி படிக்கிறதில்ல. நீங்களா சொல்றீங்களான்னு பாத்துகினு இருந்தேன்."

"சொல்லலைன்னா?"

"மேடத்தோட அட்டைய மாத்தி, மறுபடி ஒக்கார வெச்சிருப்பேன். வுட்டுடுவேனா?"

எழுந்து போய் அட்டையைத் திருப்பி மாட்டினாள். பின்பக்கம் வேறு எழுத்துகள். மேலிருந்து மூன்றாவது வரியிலேயே தடுமாறி நின்றுவிட்டேன். அவள் என் மூக்கில் மாட்டிய சட்டத்தில் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் போட்டுக் கேட்டாள், நானும் தெரிந்ததைத் தெரிகிறது என்றும் தெரியாததைத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

கண் ரொம்ப மோசம்தான், மேடம். ஆனால் இரண்டாவது தடவை வந்த ஆள் நானேதான்.